பெட்டிக்குள் இருந்தது எலி அல்ல

உம்துர்மான்
2 அக்டோபர் 1986

மஸ்தூரா அக்காவுக்கு ஸலாம்.

முதல்ல நல்ல சேதியைச் சொல்லிடறேன். நம்ம இக்லாஸுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு. மாப்பிள்ளை பேரு மாஹிர். தபால் ஆபீஸ்ல வேலை, நல்ல பையன், தலை நிமிர்ந்து பேசக் கூச்சப்படறான். ஆத்தங்கரை ஜனங்க, அக்கா. அவன் தாத்தா காலத்துலேருந்து உம்துர்மான்லதான் இருக்காங்க. அவன் அம்மா ஹாஜா நைமா தெருவுல நடந்து வந்தா ஆளுங்க ஒதுங்கி வழி விடுவாங்க. அந்த வீட்டுலேருந்து நியாலாப் பக்கத்து மேற்கத்திக்காரப் பொண்ணைக் கேட்டு வந்திருக்காங்கன்னா நினைச்சுப் பாரு. எங்க வீட்டுக்காரர் தாவூதுக்குக் கால் தரையில பாவல.

ஜனவரி கடைசில நிக்காஹ். நீ வராம எதுவும் நடக்காது. ரயில் டிக்கெட்டுக்கு தாவூத் ஏற்பாடு பண்றேன்னு சொல்லியிருக்கார்.

இனி சொல்லப் போறதை உட்கார்ந்து படி. நின்னுக்கிட்டுப் படிச்சா எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பே. வரும்போது கவல் கொண்டு வராதே.

வழக்கம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. பொண்ணுக்குப் பேச்சு முடிஞ்சா பெரியம்மா ஒரு பானை இலையை இடிச்சுப் புளிக்க வச்சுக் கவல் போடணும், புருஷன் வீட்டுல அவ வைக்கிற முதல் குழம்பு அதுலேருந்துதான் இருக்கணும். எனக்கும் நம்ம பெரியம்மா போட்டாங்க, நானும் வச்சேன். ஆனா அது நம்ம ஊர்ல. இங்க அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம் எல்லாம் மாறிப் போச்சு. மேற்கேயிருந்து ஜனங்க நடந்தே வந்து ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்தாங்களே, அன்னிலேருந்து எங்களைப் பார்த்தாலும் இவங்களுக்கு அந்தக் கூடாரம்தான் ஞாபகம் வருது. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு ஹாஜா சிரிச்சுக்கிட்டே கேட்டா, "உங்க பக்கத்துல அழுகின இலையைத் தின்பாங்களாமே, நீங்களுமா?" ன்னு. நான் இல்லைன்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு.

ஒரே பொண்ணு, அக்கா. அவ வாழப் போற வீட்டுல முதல் நாளே மூக்கைப் பொத்த வைக்கணுமா? நிலக்கடலை கொண்டு வா. நல்ல தேன் கிடைச்சா கொண்டு வா. அதை மட்டும் விட்டுடு.

குப்ரா

---

நியாலா
21 அக்டோபர் 1986

அடியே குப்ரா,

இக்லாஸுக்கு என் துவா. அவ நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் கிடையாது.

உன் கடிதாசி வந்தப்போ என் கை பானைக்குள்ள இருந்துச்சு. முழங்கை வரைக்கும் பச்சை. லாரிக்கார ஸாபூன் வாசல்ல நின்னு கொடுத்தான், நான் அவனையே வாசிக்கச் சொன்னேன். "கவல் கொண்டு வராதே" ங்கிற இடம் வந்ததும் அவன் நிறுத்திட்டு என் முகத்தைப் பார்த்தான். படிடா, நிறுத்தாதேன்னேன். லாரி டிரைவர் முன்னாடி என் மானத்தைக் கப்பலேத்திட்ட.

அது யார் பானைன்னு நினைச்ச? பேச்சு நடக்குதுன்னு காத்துவாக்குல கேட்ட உடனே நான் காட்டுக்குப் போயிட்டேன். மழை விட்ட மறுநாள் தகரை இலை அறுத்தேன், உரல்ல இடிச்சேன், முற்றத்து நிழல்ல கழுத்து வரைக்கும் பானையைப் புதைச்சேன். மூணு நாளுக்கு ஒரு தடவை திறந்து புரட்டணும், புரட்டற கை மாறக்கூடாது. கை மாறினா புழு வைக்கும்னு உனக்கே தெரியும். அதனால சந்தைக் கடையை மருமக கையில விட்டுட்டு வீட்டோட கிடக்கேன். எதுக்கு? உன் சம்பந்தியம்மா மூக்கு வலிக்கக் கூடாதுன்னு நீ கடிதாசி எழுதறதுக்கு.

அழுகின இலையாம். கேட்டுக்கோ. அந்தப் பஞ்ச வருஷம் கம்பு முளைக்கல, மாடு நின்ன இடத்துலயே விழுந்துச்சு, கிணத்துல சேறுதான் வந்துச்சு. தகரை மட்டும் முளைச்சுது, யாரும் விதைக்காம, யாரும் தண்ணி ஊத்தாம. என் நாலு பிள்ளைங்களும் இன்னிக்கு நடமாடறாங்கன்னா அந்த இலைதான் காரணம். கறி பார்க்காத வயித்துக்கு அதுதான் கறியா இருந்துச்சு. நாத்தம் நாத்தம்னு சொல்றாளே, பசிக்கிற பிள்ளை வாய் எப்படி நாறும்னு அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்.

அவ மேல எனக்குக் கோபமில்லை. அவ ஆத்தங்கரைக்காரி, அவளுக்கு மீனும் பேரீச்சம்பழமும் தெரியும். நீ தின்னு வளர்ந்தவ. ரெண்டு பேரும் ஒரே சட்டியை வழிச்சோம். நீ இல்லைன்னு சொல்லிட்ட.

நான் வரல. பொண்ணோட பங்கை மட்டும் காய வச்சு உருண்டை பிடிச்சு ஸாபூன் கையில அனுப்பறேன். அது அவ சொத்து. வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை கிடையாது.

மஸ்தூரா

---

உம்துர்மான்
30 நவம்பர் 1986

அக்கா,

வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டு எழுதினேன். அனுப்பிட்ட. இப்ப திருப்திதானே?

ஸாபூன் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துட்டுப் போனான். நீ ஏழு துணியில சுத்தினாலும் அது அடங்குமா? வீட்டுல எங்க வைக்கிறது? அடுப்படில வச்சா அடுப்படி நாறுது, மாடத்துல வச்சா தெரு நாறுது. கடைசில எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கல்யாணப் பெட்டிக்குள்ள வச்சேன். மாப்பிள்ளை வீட்டுலேருந்து வந்த சந்தனக்கட்டை, கஸ்தூரி, கிராம்பு, இத்தனை நாளா நான் ராப்பகலா கிளறி வச்ச அத்தர்ச் சாந்து, பட்டுத் துணி எல்லாம் அந்தப் பெட்டிலதான். அத்தனை வாசனை இருக்கிற இடத்துல இது ஒரு மூலையில அமுங்கிக் கிடக்கும்னு நினைச்சேன்.

சிரி. நீ சிரிக்கிறது இங்க கேக்குது. கவல் உருண்டையை மூடின பெட்டில வைக்கக் கூடாது, காத்தாட உத்தரத்துல கட்டணும்னு நம்ம ஊர்ல குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்குப் புத்தி மழுங்கிடுச்சு.

பத்து நாள் கழிச்சு ஹாஜாவும் அவ தங்கச்சியும் உறவுக்காரப் பொம்பளைங்களும் கல்யாண வாசனையைப் பார்க்க வந்தாங்க. பொண்ணோட அம்மா அத்தர்ச் சாந்து எப்படிக் கூட்டியிருக்கான்னு முகர்ந்து பார்க்கிறது இங்க பெரிய சடங்கு. அதை வச்சுத்தான் வீட்டையே எடை போடுவாங்க. நான் நல்ல துணி கட்டிக்கிட்டு, எல்லாரையும் சுத்தி உட்கார வச்சு, பெட்டியைத் திறந்தேன்.

அக்கா, சந்தனம் போன இடம் தெரியல. கஸ்தூரி போன இடம் தெரியல. பட்டுத் துணி, அத்தர், அத்தனையிலயும் உன் பானைதான் ஏறி உட்கார்ந்திருந்துச்சு. ஹாஜா முக்காட்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டா. அவ தங்கச்சி, "எலி செத்துக் கிடக்கு" ன்னா.

நான் சொன்னேன், ஆமா, எலிதான். பொட்டலத்தை எடுத்துட்டுப் போய்த் தெருவுல வீசிட்டு வந்தேன்.

திரும்பி உட்கார்றதுக்குள்ள இக்லாஸ் எழுந்து போனா. கல்யாணப் பொண்ணு வெளிய தலை காட்டக் கூடாது, மருதாணிக் காலோட தெருவுல இறங்கினா. குப்பையிலேருந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, கொண்டு வந்து நடுவுல வச்சு, "இது எலி இல்ல. இது என் பெரியம்மா எனக்காகப் போட்ட கவல்" ன்னா. என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கல.

அவங்க காபி குடிக்காம எழுந்து போயிட்டாங்க. இக்லாஸ் என்கிட்ட பேசறதில்ல. என் பொண்ணு கல்யாணம் நிக்குமா விழுமான்னு தெரியாம நான் உட்கார்ந்திருக்கேன். உன் வீம்பு ஜெயிச்சுது.

குப்ரா

---

நியாலா
17 டிசம்பர் 1986

குப்ரா,

சிரிக்கணும்னுதான் நினைச்சேன். பெட்டியைத் திறந்த இடம் வரைக்கும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வந்துச்சு. எலின்னு சொன்ன இடத்துல நின்னு போச்சு.

எலி. உன் வாயால. தெருவுல வீசின.

ரெண்டு நாளா உனக்கு எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து கிழிச்சுப் போட்டேன். வசவு வசவா வருது, அதை எழுதி அனுப்பி என்ன ஆகப் போகுது. உன்னைத் திட்ட இப்ப எனக்கு மனசு வரல. நீ பயந்துக்கிட்டுத்தான் அந்த ஊர்ல இருக்கன்னு எனக்கு இத்தனை நாளும் தெரியாம போச்சு. பெரிய ஊர், மின்விளக்கு, குழாய்த் தண்ணின்னு எழுதுவியே, நீ ராணி மாதிரி இருக்கன்னு சந்தை பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

இக்லாஸுக்குச் சொல்லு: அவ நடந்த நடைக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்னு சொல்லு. மருதாணி அழிஞ்சா மறுபடி வச்சுக்கலாம்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அவ என்னை அறியாத பொண்ணு. சின்ன வயசுல ஒரு தடவை நியாலாவுக்கு வந்தா, அவ்வளவுதான். அது கவல்னு பார்த்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்? நீதானே கொடுத்திருக்க, கதவைச் சாத்திட்டு. அப்ப அது உனக்கு எலி இல்லையே.

மஸ்தூரா

---

உம்துர்மான்
29 டிசம்பர் 1986

அக்கா,

உன் கடிதாசியை இக்லாஸ்தான் முதல்ல பிரிச்சா. படிச்சுட்டு என் மடியில வச்சுட்டுப் போனா.

இங்க நடக்கிறதைக் கேளு. ஹாஜா ஆள் விட்டுச் சொல்லியிருக்கா. கல்யாணம் வேண்டாம்னு அவ சொல்லல, பையன் பிடிவாதம். ஆனா ஒரு நிபந்தனை. நிக்காஹ் அன்னிக்குக் காலையில பொண்ணு வீட்டுலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு தட்டாச் சாப்பாடு போகும்ல, அதைக் கொண்டு போய் வைக்கிறப்போ அவங்க வீட்டுக் கூடத்துல எல்லார் முன்னாடியும் நான் சொல்லணுமாம்: என் பொண்ணு அதைத் தொட மாட்டா, சமைக்க மாட்டா, அவ பிள்ளைங்களுக்குக் கொடுக்க மாட்டான்னு. சொன்னா சாயங்காலம் நிக்காஹ். சொல்லலைன்னா இல்லை.

மாஹிர் வந்து வேப்பமரத்தடியில தாவூதோட உட்கார்ந்து பேசினான். "வாயால சொல்லிட்டுப் போயிடுங்க மாமா, தனிக்குடித்தனம் போனப்புறம் யார் பார்க்கப் போறா" ன்னான். கெட்ட எண்ணத்துல சொல்லல. இக்லாஸ் உள்ளேயிருந்தே கேட்டா, "அப்ப உங்க வீட்டுக்கு நான் பொய்யோடதான் வரணுமா?" அவன் எழுந்து போயிட்டான்.

அன்னிக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா? உன் உருண்டை ஒண்ணை உடைச்சு, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுக் குழம்பு வச்சா. தெருவே திரும்பிப் பார்த்துச்சு. தாவூத் வேலையிலேருந்து வந்தார். ஜன்னலைச் சாத்துன்னு எப்பவும் சொல்ற மனுஷன், அன்னிக்குக் கம்பங்களியை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

எனக்கு இவளை நினைச்சாப் பெருமையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. கல்யாணம் நின்னா இந்த ஊர் இவளைச் சும்மா விடாது. நான் சொன்னா என் பொண்ணு முகத்துல நான் முழிக்க முடியாது. சொல்லலைன்னா அவ வாழ்க்கை போயிடுமோன்னு இருக்கு.

நீ வா, அக்கா. பழசை மறந்துடு. உனக்குத்தான் பேசத் தெரியும். நீ வந்து சமை, நீ வந்து அந்த ஹாஜா முன்னாடி நில்லு. நான் உன் பின்னாடி நிக்கறேன்.

குப்ரா

---

நியாலா
11 ஜனவரி 1987

குப்ராவுக்கு,

வர மாட்டேன். இந்தத் தடவை கோபத்துல சொல்லல.

நான் வந்து சமைச்சா, "மேற்கேயிருந்து ஒரு முரட்டுப் பொம்பளை வந்தா, அவ பண்ணின கூத்து" ன்னு முடிச்சுடுவாங்க. நான் ரயிலேறினதும் ஜன்னலைக் கழுவி விட்டுட்டு நீ பழையபடி ஆயிடுவே. நான் உன்னை அறிவேன். என் பின்னாடி நின்னு நின்னே வளர்ந்தவ நீ. கிணத்தடியில யாராவது வம்புக்கு வந்தாக்கூட, "எங்க அக்காகிட்ட சொல்றேன் பாரு" ன்னுதானே ஓடி வருவே.

சொல்லணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். பொண்ணு வாழ்க்கை உங்க ரெண்டு பேர் கையில. சத்தியம் பண்ணிட்டு வந்தாலும் நீ என் தங்கச்சிதான், நான் தலை முழுகிட மாட்டேன். ஆனா எது சொன்னாலும் உன் வாயால சொல்லு. அக்கா சொன்னா, தாவூத் சொன்னார், வாய் தானா சொல்லிடுச்சுன்னு எழுதாதே. படிச்சுப் படிச்சு அலுத்துப் போச்சு.

ஸாபூன்கிட்ட வெண்டை வற்றல் பொடியும் கம்பு மாவும் இன்னும் கொஞ்சம் கவலும் கொடுத்திருக்கேன். ஒரு பெரிய பானைக்கு ஆகும். வைக்கிறதும் வைக்காததும் உன் இஷ்டம்.

மஸ்தூரா

---

உம்துர்மான்
3 பிப்ரவரி 1987

அக்கா,

நிக்காஹ் நடந்துச்சா இல்லையான்னு கடைசிலதான் சொல்வேன். நீ வராததுக்கு அதுதான் தண்டனை. கடைசிப் பக்கத்தை முதல்ல பார்க்காதே.

முந்தின நாள் வரைக்கும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஆட்டுக்கறி வெந்துச்சு, புறா வெந்துச்சு, மீன் பொரிச்சாச்சு. பொம்பளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு மாவு பிசையறாங்க. நான் எழுந்து போய், ஒருத்தர்கிட்டயும் கேக்காம, உன் கவல் உருண்டையை எடுத்துத் தண்ணியில கரைச்சேன். வெங்காயம் வதக்கினேன். கடலை அரைச்சு ஊத்தினேன். வாசனை கிளம்பினதும் பாட்டு நின்னு போச்சு. இக்லாஸ் வந்து வாசல்ல நின்னு பார்த்தா. "உப்பு பார்க்கட்டுமா?" ன்னா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. பாருடின்னேன்.

காலையில தட்டெல்லாம் தூக்கியாச்சு. தாவூத் சொன்னார், "பானை கனம், நான் தூக்கறேன்" ன்னு. ஆம்பளை சாப்பாட்டுத் தட்டு தூக்கிட்டு அந்தத் தெருவுல போனதை யாரும் பார்த்ததில்ல. வேண்டாம், என் தலையில வரட்டும்னேன். நான்தான் முன்னாடி நடந்தேன். தெருக்காரங்க வெளிய வந்தாங்க, சில பேர் உள்ள போனாங்க. ஒருத்தி சத்தமாவே சொன்னா, "வெக்கமில்லாதவ" ன்னு. ஆனா பானை ஆடல.

ஹாஜா வாசல்ல நின்னா. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "அது என்ன?"

"காலைச் சாப்பாடு."

"நீ சொல்ல வந்ததைச் சொல்லிட்டு அதை வெளிய வை."

"சொல்லத்தான் வந்திருக்கேன்" னு உள்ள போனேன். அவ ஒதுங்கல, நான்தான் அவளை உரசிக்கிட்டுப் போனேன். கூடம் நிறைய அவங்க ஜனம். நடுவுல பானையை இறக்கி வச்சேன். மூடியை எடுத்தேன். எல்லா முக்காடும் மூக்குக்குப் போச்சு.

நான் சொன்னதை அப்படியே எழுதறேன். "என் பொண்ணு இதைத் தொட மாட்டான்னு சொல்லச் சொன்னீங்க. தொடுவா. சமைப்பா. பிள்ளை பிறந்தா அதுக்கும் கொடுப்பா. நாங்க இதைத் தின்போமான்னு அன்னிக்குக் கேட்டீங்க, இல்லைன்னேன். பெட்டில இருந்ததை எலின்னேன். ரெண்டும் பொய். அது எங்க அக்கா மஸ்தூரா நியாலால தன் கையால போட்ட கவல். ஊர்ல கம்பு செத்த வருஷம் அவ நாலு பிள்ளைங்களையும் உயிரோட பிடிச்சு வச்ச கவல். கூடாரத்துல வந்து உட்கார்ந்தாங்களே, அவங்க எங்க ஜனம். நாங்க வேற அவங்க வேறன்னு இனிமே சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பொண்ணு வேணும்னா இந்தப் பானையோட வருவா. பானை வேண்டாம்னா சொல்லுங்க, தட்டெல்லாம் இப்பவே திரும்பும்."

ஹாஜா என்னைப் பார்த்தா, பையனைப் பார்த்தா. மாஹிர் எழுந்து வந்தான். பானை முன்னாடி உட்கார்ந்து, கையைக் கழுவிட்டு, தட்டுல இருந்த களியைப் பிட்டு முக்கி வாயில போட்டான். கண்ணு கலங்கிடுச்சு. இருமினான். மறுபடி பிட்டான். பிடிச்சிருக்கான்னு கேட்டேன். "இல்லை அத்தை" ன்னான். "ஆனா பழகிடும்." எனக்கு அவனை அப்பத்தான் பிடிச்சுது.

ஹாஜா சொன்னா, "நான் சாப்பிட மாட்டேன்."

"சாப்பிட வேண்டாம். உட்காருங்க" ன்னேன்.

ரொம்ப நேரம் நின்னா. அவ தங்கச்சியும் இன்னும் நாலஞ்சு பேரும் எழுந்து போயிட்டாங்க. ஹாஜா மூக்கைப் பொத்திக்கிட்டே, பானையிலேருந்து எட்டி, சுவரோரமா உட்கார்ந்தா. உட்கார்ந்தா அக்கா. எனக்கு அது போதும். சாயங்காலம் நிக்காஹ் நடந்துச்சு.

இன்னும் ஒண்ணு சொல்லணும். மாஹிர் எதிர்ல நானும் உட்கார்ந்தேன். இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து கவல் சாப்பிட்டதெல்லாம் கதவைச் சாத்திட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, அவசர அவசரமா. அன்னிக்குச் சம்மணம் போட்டு, அத்தனை பேர் பார்க்க, வாசக்கதவு திறந்து கிடக்க, மெதுவாச் சாப்பிட்டேன். அந்தத் தெருப் பொம்பளைங்க எட்டிப் பார்த்தாங்க. நான் நிமிர்ந்து பார்த்துட்டு இன்னொரு பிடி எடுத்தேன். வயிறு நிறைஞ்சுது.

உன் தங்கச்சி
குப்ரா